குண்டு எங்கே போய் நிற்கும்? தற்காப்புக் கைத்துப்பாக்கியும் தோட்டாத் தேர்வும்



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் நம் ஊருக்குப் பொருந்தாத ஒன்று என்று சிலர் எண்ணக்கூடும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ ஒரு சாதாரணக் குடிமகன் இடுப்பில் கைத்துப்பாக்கியைச் செருகிக்கொண்டு சந்தைக்குப் போக முடியாது. ஆனால் நம் பிள்ளைகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். சிலர் படிப்பு முடிந்து, அங்கேயே வேலை கிடைத்து, குடும்பமாகத் தங்கிவிட்டார்கள். "பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கி இல்லாமல் வெளியே போகமாட்டார் அம்மா" என்று தொலைபேசியில் அவர்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. எனவே, அந்த நாட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி சுமப்பவர்கள் எதை யோசிக்கிறார்கள், எதை யோசிக்க வேண்டும் என்பதை நாமும் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

துப்பாக்கிக் கடைக்குப் போகும் புதியவர் முதலில் கேட்கும் கேள்வி, "எது சக்தி வாய்ந்தது?" என்பதுதான். விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் கேட்கும் கேள்வி வேறு. "சுட்ட குண்டு எங்கே போய் நிற்கும்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். தோட்டாத் தேர்வு பற்றிய நூறு ஆண்டு கால வாதங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வந்திருக்கின்றன.

தோட்டா வேறு, குண்டு வேறு

நாம் பேச்சுவழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். தோட்டா என்பது முழுப் பொருள். பித்தளை ஓடு, அதன் அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே ஒரு தோட்டா. விசையை இழுத்ததும் பறந்து செல்வது குண்டு மட்டுமே. ஓடு பக்கத்தில் தெறித்து விழும். சுழல் துப்பாக்கியாக இருந்தால் உள்ளேயே தங்கிவிடும்.

இன்று அமெரிக்காவில் மிகப் பரவலாகப் புழங்குவது 9 மில்லிமீட்டர் தோட்டா. ஆஸ்திரியரான ஜார்ஜ் லூகர் 1902-ஆம் ஆண்டு வாக்கில் உருவாக்கியது அது. அதன் குண்டை 'கிரெய்ன்' எனும் பழைய எடையில் அளப்பார்கள். 115, 124, 147 கிரெய்ன் என்று கடையில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். 115 கிரெய்ன் என்பது ஏழரை கிராம். ஏறக்குறைய சிங்கப்பூரின் ஒரு வெள்ளி நாணயத்தின் எடை. அந்த நாணயம் வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில், ஒலியைவிடச் சற்று விரைவாகப் பறந்து வருவதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

குண்டில் இரண்டு முக்கிய வகைகள் உண்டு. ஈயத்தின் மேல் செம்புத் தகட்டை முழுவதும் போர்த்தி, உருண்டை முனையோடு வருவது ஒன்று. இதை மூடிய குண்டு என்று வைத்துக்கொள்வோம். முனையில் சிறு குழி விட்டுச் செய்யப்படுவது மற்றொன்று. ஆங்கிலத்தில் 'ஹாலோ பாயிண்ட்' என்பார்கள். நாம் குழிமுனைக் குண்டு எனலாம். மூடிய குண்டு உடலுக்குள் வடிவம் மாறாமல் ஊசிபோல் போய், பெரும்பாலும் மறுபக்கம் வெளியே வந்துவிடும். குழிமுனைக் குண்டு ஈரமான சதைக்குள் நுழைந்ததும், குழியில் ஏறும் அழுத்தத்தால் பூப்போல விரியும். 9 மில்லிமீட்டர் குண்டு 14, 15 மில்லிமீட்டர் அகலத்துக்கு மலர்ந்து, வேகம் இழந்து உள்ளேயே நின்றுவிடும்.

கேட்கவே கொடூரமாக இருக்கிறதல்லவா? அப்படித்தான் உலகமும் நினைத்தது. இந்தக் கதை நம் இந்தியாவிலிருந்துதான் தொடங்குகிறது. கொல்கத்தா விமான நிலையத்தில் இறங்கியிருப்பவர்கள் டம்டம் என்ற ஊரின் பெயரை அறிவார்கள். அங்கிருந்த பிரிட்டிஷ் ஆயுதச் சாலையில் 1890-களில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர், குண்டின் முனையில் உலோகப் போர்வையை விலக்கி ஈயத்தை வெளியே தெரியவிட்டார். வடமேற்கு எல்லைப் போர்களில் புதிய மூடிய குண்டுகள் எதிரியைத் துளைத்துச் சென்றாலும் அவனை நிறுத்தவில்லை என்று படைவீரர்கள் முறையிட்டதே அதற்குக் காரணம். 'டம்டம் குண்டு' என்ற பெயர் அப்படித்தான் உலகமெங்கும் பரவியது. 1899-இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன. பிரிட்டன் 1907-இல்தான் அதில் சேர்ந்தது. அமெரிக்கா சேரவே இல்லை.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எதிரிப் படைவீரன் மீதே பாய்ச்சக்கூடாது என்று விலக்கிய குண்டை, ஊருக்குள் போலீசாரும் பொதுமக்களும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

பதில் இதுதான். போர்க்களத்தில் எதிரிக்குப் பின்னால் நிற்பவன் பெரும்பாலும் இன்னொரு எதிரி. நகரத்தில் திருடனுக்குப் பின்னால் பேருந்துக்குக் காத்திருக்கும் ஒரு பாட்டி நிற்கிறாள். நியூயார்க் போலீஸ் 1990-களில் 9 மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மாறியபோது மூடிய குண்டுகளையே கொடுத்தது. அவை குற்றவாளியின் உடலைத் துளைத்து வெளியே வந்து, அந்தப் பக்கம் இருந்த பொதுமக்களையும் சக போலீசாரையும் தாக்கின. எதிர்ப்புகள் இருந்தும் 1998-இல் அந்தத் துறை குழிமுனைக் குண்டுக்கு மாற முடிவு செய்தது. விரியும் குண்டைப் பற்றி ஒருவருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், அது ஏன் நகரத்துக்குள் வந்தது என்பதை இந்த ஒரு மாற்றமே விளக்கிவிடும்.

சீக்கிரம் நின்றாலும் ஆபத்து

அப்படியானால் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறதோ அவ்வளவு நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது.

1986 ஏப்ரல் 11-ஆம் நாள், புளோரிடா மாநிலத்தின் மயாமி பகுதியில் இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எஃப்.பி.ஐ. அதிகாரிகள் மடக்கினர். சில நிமிடங்களே நீடித்த சண்டையில் இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தனர்; ஐவர் காயமடைந்தனர். கொள்ளையர் இருவரும் மாண்டனர். பிறகு உடல்களைப் பரிசோதித்தபோது ஓர் உண்மை தெரிந்தது. சண்டையின் தொடக்கத்திலேயே ஒரு கொள்ளையனின் மேற்கையில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குழிமுனைக் குண்டு, கையைக் கடந்து மார்புக்குள் போய், நுரையீரலைக் கிழித்து, இதயத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. அவன் பிழைத்திருக்க முடியாத காயம்தான் அது. ஆனாலும் அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு அதிகாரிகளும் அதன் பின்னரே இறந்தனர்.

இந்தச் சம்பவம்தான் தோட்டா ஆராய்ச்சியைத் தலைகீழாக மாற்றியது. எஃப்.பி.ஐ. மருத்துவர்களையும் குண்டியல் வல்லுநர்களையும் கூட்டிப் பேசி, 1980-களின் இறுதியில் ஒரு சோதனை முறையை வகுத்தது. தசைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டி வைக்கப்படுகிறது. நம் வீட்டில் செய்யும் அகார் அகாரைப் பெரிய செங்கல் அளவில் வார்த்து, குளிரவைத்தது போல இருக்கும். அதற்குள் குண்டு குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும். 18 அங்குலத்தைத் தாண்டக்கூடாது. அதாவது 30 முதல் 45 சென்டிமீட்டர் வரை.

மனித மார்பின் கனம் அவ்வளவு இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் மயாமியில் நடந்ததுபோல, முதலில் கை குறுக்கே வரும். ஆள் பக்கவாட்டில் திரும்பியிருப்பான். குண்டு சாய்வாக நுழையும். ஆகவேதான் அந்த அளவு. வெறும் கட்டியோடு சோதனை முடிந்துவிடுவதில்லை. கட்டிக்கு முன்னால் தடித்த துணி, ஒட்டுப்பலகை, ஜிப்சம் பலகை, இரும்புத் தகடு, கார்க் கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்துச் சுடுகிறார்கள். குளிர்காலத்து ஜாக்கெட்டின் பஞ்சு குழிக்குள் அடைத்துக்கொண்டால் சில குழிமுனைக் குண்டுகள் விரிவதே இல்லை. சாதாரண மூடிய குண்டுபோல் பாய்ந்துவிடும். இதனால்தான் சில நிறுவனங்கள் குழியை மென்மையான பிளாஸ்டிக்கால் அடைத்து விற்கின்றன.

சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னத் துப்பாக்கியை விரும்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குழல் குட்டையாக இருந்தால் குண்டின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் விரிவதும் குறையும். நீண்ட குழலில் அழகாக மலர்ந்த அதே தோட்டா, குட்டைத் துப்பாக்கியில் மலராமல் போகலாம். பெட்டியின் மேல் போட்டிருக்கும் படத்தை நம்பி வாங்கக்கூடாது என்று பயிற்சியாளர்கள் சொல்வது இதனால்தான். தன்னுடைய துப்பாக்கியில் அந்தத் தோட்டா தடையில்லாமல் ஏறி இறங்குகிறதா என்பதையும் திடலில் சுட்டுப் பார்த்த பிறகே சுமக்க வேண்டும். குழிமுனைக் குண்டின் மொட்டை முனை சில பழைய பிஸ்டல்களில் சிக்கிக்கொள்ளும். நல்ல தோட்டா விலை அதிகம். ஆகையால் பயிற்சிக்கு மலிவான மூடிய குண்டு, சுமப்பதற்குக் குழிமுனை என்று பிரித்துக்கொள்வதே வழக்கம்.

இன்னொரு நுணுக்கம் பலருக்குத் தெரியாது. இரவில் தோட்டாவை வெளியே எடுத்து, காலையில் அதே தோட்டாவை மறுபடியும் ஏற்றுவது சிலரின் பழக்கம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் குண்டின் முனை இடிபட்டு, ஓட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்குகிறது. உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும், துப்பாக்கியே சேதமாகலாம். அதனால் பல முறை ஏற்றி இறக்கிய தோட்டாவைத் தனியே ஒதுக்கிவிடுவார்கள்.

"பெரிய குண்டு அடித்தால் ஆள் பத்தடி பின்னால் பறந்து விழுவானே" என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது சினிமா. குண்டு எதிரியைத் தள்ளும் உந்துதல், சுட்டவரின் கையில் விழும் உதைப்பைவிடப் பெரியதாக இருக்க முடியாது. பள்ளியில் படித்த நியூட்டனின் மூன்றாம் விதிதான். மூளையோ முதுகுத் தண்டோ தாக்கப்பட்டால் மட்டுமே ஓர் ஆள் உடனே விழுவான். இதயமே சிதைந்தாலும் மூளையில் எஞ்சிய பிராணவாயு பத்துப் பதினைந்து வினாடிகள் செயல்பட வைக்கும் என்று எஃப்.பி.ஐ.யின் 1989-ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. அந்த வினாடிகளில் என்னவெல்லாம் நடக்கும் என்பதை மயாமி காட்டிவிட்டது.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ. பெரிய 10 மில்லிமீட்டர் தோட்டாவுக்குப் போனது. உதைப்பு மிகுதி, அதிகாரிகள் பலருக்குக் கைக்கு அடங்கவில்லை. அடுத்து, 1990-இல் வெளிவந்த 'பாயிண்ட் 40' தோட்டாவுக்கு இறங்கியது. கடைசியில் 2010-களின் நடுப்பகுதியில் மறுபடியும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டது! இதற்குள் குண்டுகளின் அமைப்பு மேம்பட்டிருந்தது; உதைப்புக் குறைவாக இருந்தால் குறி நன்றாக விழுகிறது என்பதும் தெளிவாகியிருந்தது. எந்த அளவு பெரியது என்று கடைகளில் இன்னமும் சண்டை போடுகிறவர்களைப் பார்த்தால், முப்பது ஆண்டு காலச் சுற்றுப்பயணம் அவர்கள் கண்ணில் படவில்லையோ என்றே எனக்குத் தோன்றுகிறது.

தவறிய குண்டு

இதுவரை பேசியது எல்லாம் குறியில் பட்ட குண்டைப் பற்றியது. படாத குண்டு?

நியூயார்க் போலீசாரின் துப்பாக்கிச் சூடுகளை ஆராய்ந்து ராண்ட் நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரை, எதிரியும் திருப்பிச் சுட்ட மோதல்களில் போலீசாரின் குண்டுகளில் சராசரியாக 18 விழுக்காடே இலக்கில் பட்டன. எதிரி சுடாத சம்பவங்களில் 30 விழுக்காடு. சம்பளம் வாங்கிப் பயிற்சி பெற்றவர்களின் கணக்கு இது. ஆண்டுக்கு ஒருமுறை திடலுக்குப் போய்வரும் கணக்காளரோ கடைக்காரரோ இதைவிடச் சிறப்பாகச் சுடுவார் என்று எதிர்பார்க்க முடியுமா?

2012 ஆகஸ்ட் 24-ஆம் நாள் காலை, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் கொலையாளி ஒருவனைப் போலீசார் இருவர் எதிர்கொண்டனர். மொத்தம் 16 குண்டுகள் சுட்டனர். அவன் மாண்டான். ஆனால் நடைபாதையில் போய்க்கொண்டிருந்த ஒன்பது பொதுமக்கள் காயமடைந்தனர். ஒன்பது பேரையும் தாக்கியவை போலீசாரின் குண்டுகளும், அவை தெறித்த சிதறல்களும்தான். குழிமுனைக் குண்டுக்கு மாறிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது இது. குழிமுனை சதைக்குள்தான் விரியும். காற்றிலோ கான்கிரீட்டிலோ அதற்குக் கருணை கிடையாது.

வீட்டுக்குள் நிலைமை இன்னும் மோசம். நம் ஊரில் தரைவீடோ அடுக்குமாடியோ, சுவர் என்றால் செங்கல் அல்லது கான்கிரீட். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இருபுறமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்ததுதான். கைமுட்டியால் குத்தினாலே ஓட்டை விழும். தவறிய குண்டு அப்படிப்பட்ட சுவர்கள் பலவற்றைக் கடந்து போகும். அதிலும் ஒரு வேடிக்கை: ஜிப்சம் மாவு குழிக்குள் அடைத்துக்கொள்வதால், குழிமுனைக் குண்டும் அதன்பின் மூடிய குண்டைப்போலவே நடந்துகொள்ளும். அந்தச் சுவருக்கு அப்பால் பிள்ளைகளின் படுக்கையறை இருக்கலாம், அண்டைவீடும் இருக்கலாம். அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியில் நான்கு அடிப்படை விதிகளைச் சொல்லித் தருவார்கள். அவற்றில் நான்காவது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்த பிறகே சுடு என்பது. மற்ற மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள்கூட, இரவு மூன்று மணிக்குச் சத்தம் கேட்டு எழுந்தால் இதை மறந்துவிடுகிறார்கள்.

இடுப்பில் சுமப்பது

சுடுவது வாழ்நாளில் ஒருமுறை நடந்தாலும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம். சுமப்பது அன்றாடம். ஆபத்தும் அன்றாடம்.

இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் கையால் போடும் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. தவறிக் கீழே விழுந்தால் வெடிக்காதபடி உள்ளே அமைப்புகள் உண்டு. ஆனால் விசை இழுபட்டால் வெடிக்கும், இழுத்தது விரலா துணி மடிப்பா என்று அதற்குத் தெரியாது. ஆகையால் விசையை முழுவதும் மூடும் கெட்டியான இடுப்பு உறை கட்டாயம். பிளாக்சிகோ பர்ரெஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்து வீரர் 2008 நவம்பரில், உறை இல்லாமல் கால்சட்டை இடுப்பில் பிஸ்டலைச் செருகிக்கொண்டு நியூயார்க் கேளிக்கை விடுதிக்குப் போனார். அது நழுவியது, வெடித்தது, அவருடைய தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க்கில் சுமக்க உரிமம் இல்லாததால் 2009-இல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனையும் கிடைத்தது.

பெண்கள் பலர் கைப்பையில் வைக்கிறார்கள். கைப்பை உடலை விட்டுப் பிரியும் பொருள். 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்துப் பேரங்காடி ஒன்றில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த பிஸ்டலை எடுத்துவிட்டது. வெடித்த குண்டில் தாய் அங்கேயே இறந்தார். உரிமம் பெற்றவர். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை தைத்த கைப்பை அது. இதற்கு மேல் நான் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் 46,728 பேர் இறந்தனர். அவர்களில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கி வைத்த துப்பாக்கி, மனம் உடைந்த ஒரு நேரத்தில் வீட்டில் இருப்பவருக்கே எமனாகிறது. வீட்டில் மனச்சோர்வு உள்ளவரோ பதின்ம வயதுப் பிள்ளையோ இருந்தால், எந்தத் தோட்டா நல்லது என்ற ஆராய்ச்சிக்கு முன்னால், துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும்

அமெரிக்காவை ஒரே நாடு என்று எண்ணினால் இந்த விஷயத்தில் ஏமாந்துபோவோம். நியூயார்க்கில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக, சிறப்புக் காரணம் காட்டினால்தான் பொது இடத்தில் கைத்துப்பாக்கி சுமக்க அனுமதி கிடைக்கும் என்ற நிலை இருந்தது. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. இன்னொரு பக்கம், உரிமமே இல்லாமல் மறைத்துச் சுமக்கலாம் என்று அனுமதிக்கும் மாநிலங்களின் எண்ணிக்கை 2024-இல் 29-ஐ எட்டியது.

ஒரு மாநிலத்தின் உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லும் என்ற உறுதியும் இல்லை. 2013-இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஓர் இளம் தாய், தன் மாநில உரிமத்தோடு நியூ ஜெர்சிக்குள் காரோட்டிச் சென்றார். போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியபோது, "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று தாமாகவே சொன்னார். அங்கேயே கைதானார். துப்பாக்கிக்கு ஒரு வழக்கு. அதில் குழிமுனைக் குண்டு இருந்ததற்கு இன்னொரு வழக்கு. ஏனென்றால் நியூ ஜெர்சி சட்டம் குழிமுனைக் குண்டை வீட்டுக்கு வெளியே வைத்திருப்பதற்குத் தனிக் கட்டுப்பாடு விதித்திருந்தது. மூன்றரை ஆண்டு கட்டாயச் சிறை என்ற அச்சத்தில் தவித்தவருக்கு, 2015-இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். நியூயார்க் போலீசார் பொதுமக்களின் பாதுகாப்புக்காகத் தேர்ந்தெடுத்த அதே வகைக் குண்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது.

தோட்டாவின் பெயரும் நிறமும்கூடப் பிரச்சினை ஆகும். வின்செஸ்டர் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் 'பிளாக் டேலன்', அதாவது கருநகம் என்ற பெயரில் கறுப்புப் பூச்சுடன் ஒரு குழிமுனைத் தோட்டாவை விற்றது. மற்றவற்றைவிட அது பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெயரே மக்களைப் பயமுறுத்தியது. எதிர்ப்புக் கிளம்பி, 1993-இல் பொதுமக்களுக்கு விற்பதை நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அரிசோனாவில் 2004-இல் மலைப்பாதையில் நடந்து சென்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தம்மைத் தாக்க ஓடிவந்தவரைச் சுட்டார். அவர் பயன்படுத்திய 10 மில்லிமீட்டர் பிஸ்டலும் குழிமுனைக் குண்டும் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பேசப்பட்டன. 2006-இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2009-இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. இடையில் கழிந்த சிறை ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? உள்ளூர்ப் போலீசார் எந்த வகைத் தோட்டாவைப் பயன்படுத்துகிறார்களோ அதையே வாங்குங்கள் என்று பல பயிற்சியாளர்கள் சொல்வதற்கு இப்படிப்பட்ட வழக்குகளே காரணம். எனக்கும் அது நல்ல யோசனையாகவே படுகிறது.

சுடுவதற்கான உரிமை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும், அடிப்படை ஒன்றுதான். உயிருக்கோ கடுமையான உடற்காயத்துக்கோ அந்தக் கணமே ஆபத்து இருக்க வேண்டும். நியாயமான ஒரு மனிதர் அப்படி நம்பக்கூடிய சூழ்நிலையாகவும் அது இருக்க வேண்டும். காரைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனை முதுகில் சுட்டால் தற்காப்பு ஆகாது. ஒதுங்கிப் போக வழி இருந்தால் ஒதுங்க வேண்டும் என்று சில மாநிலங்கள் சொல்கின்றன. புளோரிடா 2005 முதல் அந்தக் கடமையை நீக்கிவிட்டது.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியவை

1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 16 வயது ஜப்பானிய மாணவர் ஒருவர், விருந்துக்குப் போகும் வழியில் தவறான வீட்டின் கதவைத் தட்டிவிட்டார். வீட்டுக்காரர் பெரிய கைத்துப்பாக்கியுடன் வந்து, 'அசையாதே' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லைக் கத்தினார். அதன் பொருள் அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை போலும். தொடர்ந்து முன்னே வந்தார். ஒரே குண்டு. குற்றவியல் வழக்கில் வீட்டுக்காரர் விடுதலையானார். 1994-இல் உரிமையியல் நீதிமன்றம் ஆறரை லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அமெரிக்காவுக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், முகவரியைச் சரிபார்க்காமல் யார் வீட்டு வாசலிலும் ஏறக்கூடாது என்று சொல்லி அனுப்ப வேண்டும். போலீஸ் காரை நிறுத்தினால் இரண்டு கைகளும் ஸ்டியரிங் மேல் தெரிய இருக்க வேண்டும்.

"அங்கே போனபின் நானும் ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?" என்று கேட்கும் மாணவர்களுக்கு: மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. அறைத்தோழன் தன் துப்பாக்கியை "கொஞ்சம் உன் அலமாரியில் வைத்திரு" என்று கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

சுற்றுலா போகிறவர்கள் அங்கே சுடும் திடலுக்குப் போய் ஆசைக்குச் சுட்டுப் பார்த்துவிட்டு, நினைவுக்காக ஒரு தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் நடக்கிறது. மலேசியாவின் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமமில்லாமல் வைத்திருக்கும் தோட்டாவும் ஆயுதம் போலவே குற்றம். ஏழு ஆண்டு வரை சிறையோ பத்தாயிரம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். துப்பாக்கி என்றால் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும்; அதற்குப் பதினான்கு ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அந்தச் சட்டத்தில் இருந்த கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீக்கப்பட்டது. சிங்கப்பூரில் 1973-ஆம் ஆண்டுச் சட்டம், காயப்படுத்தும் நோக்கத்துடன் துப்பாக்கியைப் பயன்படுத்தினாலே மரண தண்டனை என்கிறது. அங்கேயும் அனுமதியில்லாத தோட்டாவைக் கொண்டுவர முடியாது. சாவிக்கொத்தில் தொங்கும் தோட்டா, பழைய ஜாக்கெட் பையில் கிடக்கும் வெற்று ஓடு ஆகியவற்றைக்கூட அங்கேயே விட்டுவிடுங்கள். விமானம் ஏறுவதற்கு முந்தின இரவு பெட்டியின் பக்கவாட்டு ஜிப்புகளையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.